அண்ணன் சைகோனில் இருந்த ஐந்து மாதம்

வில்லியனூர் கோகிலாம்பாள் தாயின் பாதத்தைத் தொட்டு இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் சிவபதவி அடைந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய மூத்த மகள் வந்து, "அத்த, அப்பாவோட சின்ன வயசு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான் கீற. வருஷ நெனவுப் புஸ்தகத்துக்கு நீதான் எழுதணும்" என்று நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன வருடம் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்திருந்த உங்களில் பலபேர், "சைகோன் பார்த்த மனுஷன்" என்று சொல்லி அழுதீர்கள். காரியப் பத்திரிகையிலும் அவர் பெயருக்கு முன்னால் சைகோன் என்று அச்சடித்திருந்தார்கள். அது விஷயமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அண்ணன் சைகோன் போகவில்லை. அந்த ஐந்து மாதமும் அவர் வில்லியனூரில் என் வீட்டில் இருந்தார். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தம் கிராமத்தில். பெண்ணையாற்றங்கரையில் எங்களுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் விளையும் நிலம் இருந்தது. நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அண்ணன்தான் மாடு, வண்டி, நிலம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வருவார். பொய் சொல்ல மாட்டார். இது செத்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிற பேச்சு இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும்.

என்னை வில்லியனூரில் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வீடு தேர் ஓடும் வீதியில் இருந்தது. வருடா வருடம் ஆனி மாதத் தேருக்கு அண்ணன் வந்துவிடுவார். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறவர்களோடு சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். தேரை நிறுத்துவதும் மூலையில் திருப்புவதும் அந்தக் கட்டைதான். வடம் இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். கட்டை போடத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான்.

அண்ணியின் அப்பாவுக்கு உறுவையாறு. அம்மாவுக்குத் தம்பி முறை, ஆகையால் எங்களுக்கு மாமா. அண்ணியைத் தவிர வேறு பெண்ணைக் கட்டுவதில்லை என்று அண்ணன் அம்மன் சந்நிதியில் நேர்ந்துகொண்டிருந்தார். மாமாவுக்கும் முதலில் இஷ்டம்தான். அப்போது புதுச்சேரியைப் போலச் சைகோனும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, நம் ஊர் ஆட்கள் அங்கே வேலைக்குப் போவார்கள். நடுவில் மாமாவின் சகலை ஒருவர் தன் பெண்ணைச் சைகோனில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பி வைத்தார். மணிக்கு மணி அது அடிக்கும்போதெல்லாம் மாமாவுக்கு வயிறு எரியும்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, "மச்சான், தப்பா நெனச்சிக்காத. எம் பொண்ணுக்கும் கப்பலு ஏறுன மாப்ளதான். ரெண்டு வருஷம் போயிட்டு வரட்டும். இல்லன்னா டவுன்ல கோர்ட்டுல சேவகம் பாக்குற பையன் ஒருத்தன் கேட்டுக்கினே கீறான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் சரி என்றார். ஆள் கட்டி அழைத்துப் போகும் மேஸ்திரி ஒருவரிடம் பெயர் கொடுத்தார்கள். காவல் வேலை. தை மாதம் அறுப்பு முடிந்ததும் கப்பல்.

அனுப்பி வைக்க ஊரே வந்தது. பதினோரு வண்டி. அண்ணனுக்குக் கோட்டு, செருப்பு, கழுத்தில் மாலை. வழியில் இங்கிலீஷ்காரர் எல்லையைத் தாண்டும்போது சோதனை போடுகிற சிப்பாய் மாலையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை சரி, பொண்ணு எந்த வண்டியில?" என்று கேட்டானாம். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் ரயிலில் புதுச்சேரி போய்ச் சேர்ந்துகொண்டோம். நான் சுட்ட முறுக்கு ஒரு டின் அவருடைய பெட்டியில் வைத்தேன்.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. கண்ணுக்கெட்டின தூரத்தில் நடுக்கடலில் நிற்கும். கடலுக்குள் நீட்டிக் கட்டின பாலத்திலிருந்து சலங்கில், அதாவது பெரிய படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். ஆற்று வெள்ளத்தை நீந்தின அண்ணனுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் அலையில் காலையில் சாப்பிட்டது போயிற்று. இரண்டாவது அலையில் முந்தின நாள் சாப்பிட்டதும் போயிற்று. கப்பல் ஏணியில் ஏறி மேலே நின்றார். வெற்றிலை போடுகிற நேரம்கூட இருக்காது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததாம். அந்த ஏணியிலேயே இறங்கி, திரும்புகிற சலங்கில் உட்கார்ந்துவிட்டார்.

சலங்குக்காரர், "இன்னாபா, கரையில எதுனா வுட்டுட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"இன்னாது?"

"என்னத்தான்."

பெட்டி மட்டும் சைகோன் போயிற்று. முறுக்கை யார் தின்றார்களோ, நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் எல்லோரும் பாலத்தருகே நின்று கப்பலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தோம். அண்ணன் கரையேறி, அடுக்கி வைத்திருந்த மணிலா மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அப்பா கப்பலப் பாத்துத் துண்ட ஆட்டுறாரு பாப்பா. எனக்கு மனசு கேக்கல. நானும் பின்னாடி நின்னு கைய ஆட்டுனேன். அவரு திரும்பல."

ஊர் முழுக்க வந்து மாலை போட்டு அனுப்பின பிறகு எந்த முகத்தோடு வண்டியில் ஏறுவது? நேராக வில்லியனூருக்கு நடந்து வந்தார். நான் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன், வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணா, கப்பலு?"

"போயிடுச்சி."

"நீ?"

"வந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சைகோன் இவ்ளோ கிட்ட கீதுன்னு தெரியாம பதினோரு வண்டி கட்டிட்டோமே மச்சான்" என்றார்.

நாலு நாள் போனதும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தோம். மூன்றாம் நாளே மாமா மேளத்தோடு குருவிநத்தம் போய் அப்பாவிடம் தாம்பூலம் மாற்றிக்கொண்டுவிட்டார். "கப்பலு ஏறுனது மெய்யின்னா பொண்ணும் மெய்யி" என்று சபையில் சொன்னாராம். இப்போது அண்ணன் வெளியே தலைகாட்டினால் அண்ணி கோர்ட்டுச் சேவகருக்கு. அண்ணன், "ரெண்டு வருஷந்தான பாப்பா, கண்ண மூடிக் கண்ணத் தொறந்தா ஓடிப்பூடும்" என்றார்.

கொல்லைப் பக்கம்தான் அவருக்குச் சைகோன். மாட்டுக்குத் தீனி வைப்பார், விறகு பிளப்பார், வைக்கோல் போர் போடுவார். எங்கள் வீட்டுப் பசுக்கள் அந்த வருடம்போல் எந்த வருடமும் கறந்ததில்லை. அப்பாவுக்குக் கவலை இருக்கக்கூடாதே என்று கடிதாசி எழுதினோம். அண்ணன் சொல்ல நான் எழுதுவேன், சைகோன் என்ற வார்த்தை அதில் வராது. கப்பலில் வந்த ஆள் கொடுத்தான் என்று சொல்லி என் வீட்டுக்காரர் குருவிநத்தம் கொண்டுபோய், ஊர் கூடியிருக்கும்போது படித்துக் காட்டுவார். கொடுத்தான் என்ற அந்தப் பொய் என் வீட்டுக்காரருடையது. அதற்கு அவர் அப்போதே காதைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டார்.

ஒரு தடவை வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளை மாட்டை விற்றுவிட்டார். சேதி தெரிந்ததும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சபையில் படிக்கிறார்: "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் வெள்ளை மாட்டை விற்றது சரியில்லை. கறுப்பைத்தான் விற்றிருக்க வேண்டும்." படித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. வேர்த்துப்போய் நின்றாராம்.

அப்பா எல்லோரையும் சுற்றிப் பார்த்து, "பாருங்கடா. கடலுக்கு அந்தாண்ட இருந்துக்கினு எம் புள்ள மாட்டப் பாக்குறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் நாள் கணக்குப் பார்க்கவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி கோயிலுக்கு வந்தவர், தண்ணீர் குடிக்க என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அண்ணன் நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்தார். குதிர்த் தூசி தொண்டையில் ஏறி, அடக்கி அடக்கிப் பார்த்து ஒரு இருமல் இருமிவிட்டார். நான் பூனை என்றேன். அண்ணி செம்பை வைத்துவிட்டு வாசல்வரை போய், என்னிடம் மெதுவாக, "அக்கா, சைகோனுக்குக் கடிதாசி போட்டா, இருமலுக்கு ஓமம் போட்டு வெந்நீ குடிக்கச் சொல்லி எழுதுங்க" என்றார். சிரிக்கக்கூட இல்லை. அண்ணன் அன்றைக்கு மூன்று செம்பு ஓமத் தண்ணீர் குடித்தார்.

ஆனி வந்தது. தேரன்று அண்ணனை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். காலையில் பிரெஞ்சுக் குவர்னர் துரை வெள்ளை உடுப்பில் வந்து, வழக்கம்போல வடத்தைத் தொட்டு இழுத்துவிட்டுப் போனார். தேர் நகர்ந்தது. வடம் பிடித்தவர்களில் அப்பாவும் மாமாவும் மாமாவின் சகலையும் இருந்தார்கள். எங்கள் வீதி மூலையில் திரும்பும்போது கட்டை நழுவிவிட்டது. கட்டை போட்டவருக்குக் கையில் அடி. சக்கரம் பள்ளத்தைப் பார்த்துப் போகிறது. அந்தப் பக்கம் பெண்டுபிள்ளைகள் நிற்கிறார்கள். நான் அம்மா என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் தெருவில் கிடக்கிறது. கோவணத்தோடு அண்ணன் சக்கரத்தடியில் குந்தி இரண்டு கையாலும் கட்டையைக் கொடுக்கிறார். தேர் ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. சனம் அரோகரா என்றது.

அண்ணன் நிமிர்ந்தார். எதிரே வடத்தைப் பிடித்தபடி அப்பா.

"எப்படா வந்த? சைகோன்ல தேருக்கு லீவு வுடுறானா?" என்று அப்பா கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

மாமா அப்படிக் கேட்கவில்லை. "எந்தக் கப்பல்ல வந்த?" என்றார்.

என் வீட்டுக்காரர் பின்னால் போய், "நேத்துக் கப்பல்லன்னு சொல்லு மச்சான், நேத்துக் கப்பல்லன்னு சொல்லு" என்று முதுகில் குத்துகிறார். அண்ணன் தலையைத் தூக்கித் தேரைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"சாமி மேல குந்திக்கினு கீது மாமா. நான் போவல. ஏறுனேன், எறங்கிட்டேன். இம்மா நாளும் இங்கதான் இருந்தேன்."

மேளச் சத்தத்தில் அது எங்கள் நாலைந்து பேருக்குத்தான் கேட்டது. மாமா வடத்தைக் கீழே போட்டார். "தாம்பூலத்த அனுப்பி வுட்டுடறேன். எம் பொண்ணு கோர்ட்டு ஊட்டுக்குப் போவட்டும்" என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது அண்ணி பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தார். "அப்பா, இவரு இங்க கீறாருன்னு எனக்கு மாசியிலயே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"சைகோன் மாப்ள, சைகோன் மாப்ளன்னு நீதான் ஊரெல்லாம் சொல்லி வச்சிட்ட. நான் வாயத் தொறந்தா உன் மானந்தான போவும்? இப்ப நீயே தொறக்கிற. தொற."

மாமா திறந்த வாயை மூடுவதற்குள், வடத்தில் முன்னால் நின்ற சகலை திரும்பிப் பார்த்து, "யாருங்க அது, நம்ம சைகோன் மாப்ளயா?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். கீழே கிடந்த வடத்தை எடுத்துக்கொண்டார்.

"ஆமாங்க. தேருக்குன்னே வந்தாரு. திரும்ப அனுப்பப் போறதில்ல. அவ்ளோ தூரத்துல இன்னா வேல?" என்றார். சாமி முன்னால் சொன்ன அந்தப் பொய்க்கு மறுநாள் பதினோரு தேங்காய் உடைத்தார். ஆவணியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு அண்ணன் பட்ட கஷ்டங்கள் கொஞ்சமில்லை. பெண்ணையாறு இரண்டு தடவை நெல்லை அடித்துக்கொண்டு போனது. அப்பா நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். மூன்று பெண்களைக் கரையேற்றினார். தன் உடம்பில் தெம்பு இருந்தவரை ஒரு தேருக்கும் முட்டுக்கட்டை கொடுக்காமல் இருந்ததில்லை. சைகோன் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். பெரிய அடக்கம் என்று நீங்கள் சொல்வீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கடைசி மூன்று மாதம் அவரைத் தூக்கிப் படுக்க வைத்த மருமகன்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், காரியத்துக்குக் குருவிநத்தம், உறுவையாறு, வில்லியனூரிலிருந்து வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சைகோனைப் பற்றிக் கேட்டுப் பதில் கிடைக்காமல் போனவர்கள் அவரை மன்னிக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். மாமா மனசு மாறிச் சம்மதம் கொடுத்தார் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அடிச்சிடு. அவரு எங்க குடுத்தாரு? குடுத்தது நானு."

அடித்துவிட்டேன்.