சதுக்கத்தைப் பார்க்காத ஜன்னல்

பாத் என்ற பழைய ஆங்கிலேய நகரத்தில் எங்கள் வீட்டை வெளியே நின்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். தேன் நிறக் கல், மாடிக்கு ஐந்து ஜன்னல், கோடு போட்ட மாதிரி வரிசை. குடியிருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், மூன்றாம் மாடியின் ஐந்தாவது ஜன்னல் வெறும் சுவர் என்று. ஜன்னல் அளவுக்குக் கல்லைக் குழித்து, கறுப்புச் சாயம் அடித்து, அதன்மேல் வெள்ளைச் சட்டம் வரைந்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மேபல் டக்கெட் முப்பத்தொரு வருடம் குடியிருந்தாள்.

பன் கடையில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவள். கால் நன்றாக இருந்தவரை, வேலை முடிந்ததும் நேரே வீட்டு முகப்புக்கு எதிரே இருக்கிற சதுக்கத்துப் புல்வெளிக்குப் போய்விடுவாள். அங்கே இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் கிழவர்களைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போன குளிர்காலத்திலிருந்து எழுபத்திரண்டு படி இறங்க முடியவில்லை. அறையில் இருந்த ஒரே நிஜ ஜன்னல் பின்பக்கத்துச் சாக்கடைக் குழாய்களைத்தான் பார்க்கும். சதுக்கத்துக்காக அவள் ஏங்கிய ஏக்கத்தைப் பார்த்து, கீழ்மாடியில் இருக்கிற எனக்கே மனசு தாங்கவில்லை.

"அந்தக் காலத்துல ஜன்னலுக்கு வரி போட்டாங்களாமே, கண்ணு. வரிக்குப் பயந்து அப்ப அடைச்சிருப்பாங்க. திறந்துட்டா ஆச்சு!" என்பாள்.

வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போட்டு நான்தான் சம்மதிக்க வைத்தேன். முன்பு திறந்திருந்த ஜன்னலென்றால் திறக்கலாம், இல்லையென்றால் முகப்பில் கை வைக்கக் கூடாது என்று நகரசபை அதிகாரி சொல்லிவிட்டார். கொத்தனார் ஹிஸ்காக் வந்த அன்று, மேபல் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு சுவருக்கு எதிரே நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

அவர் காரையை உதிர்த்தார். ஒரு கல்லைப் பெயர்த்துக் கையை உள்ளே விட்டார். கை முழுக்கக் கரி.

"இது அடைச்ச ஜன்னல் இல்லீங்கம்மா. கட்டும்போதே இப்படித்தான். பின்னால புகைபோக்கி போகுது. வரிசை கெட்டுடக் கூடாதுன்னு வெளியில மட்டும் ஜன்னல்."

"அப்போ தெருவுல போறவங்களுக்காகவா?" என்றாள் மேபல்.

"ஆமாங்க."

"நாசமாப் போக இவங்க வரிசை!" என்று நான் கத்தினேன். ஹிஸ்காக் போன பிறகு மேபல், "கீழ போய்ப் பார்த்துட்டு வா, கண்ணு. அந்த ஜன்னல் நல்லாவாவது இருக்கான்னு" என்றாள்.

போனேன். புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பாழாய்ப்போனது, அழகாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும் என்று அந்தக் கறுப்புச் சாயத்தைப் பார்த்துக் கையசைத்தேன்.

மூச்சு வாங்க மேலே ஏறி வந்தால், மேபல் நாற்காலியை விட்டு எழுந்து, உதிர்ந்த காரைமேல் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"கை காட்டினியா?"

"காட்டினேன்."

"நானும் காட்டினேன்" என்றாள்.