உயிலில் எங்கள் பெயரும் இருக்கிறது

போன வாரம் ஒரு காலை. தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். என் அண்ணன் சேகர் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். முகத்தில் நாலு நம்பர் லாட்டரி அடித்தவரின் களை.

"உயில் நகல் கிடைச்சிருச்சு. நம்ம கொள்ளுத்தாத்தா பேரு இருக்கு" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மகளின் கல்யாணம் அல்லவா அந்த ஃபைலில் மாட்டிக்கொண்டிருந்தது!

விவரமாகச் சொல்கிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர்கள். முதலாளிக்குப் பிள்ளை குட்டி இல்லை. சாகும் முன்பு உயிலில் இருவர் பெயரையும் போட்டுவிட்டுப் போனாராம். ஆனால் கடை கைக்கு வரவில்லை. ஏன்? தம்பி அமுக்கிவிட்டார் – இது எங்கள் வீட்டுக் கதை. அண்ணன் அமுக்கிவிட்டார் – இது தம்பி வீட்டுக் கதை. கடையையே அமுக்கியவர் ஏன் கடைசி வரை வாடகை வீட்டில் இருந்தார் என்று இரண்டு வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

அன்று பிடித்த பங்காளிச் சண்டை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் கை நனைப்பதில்லை. சாவு வீட்டில்கூட வாசலோடு சரி.

தம்பி வழியில் வந்தவள் வசந்தி. எனக்கு அக்கா தங்கை முறை. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மற்ற பிள்ளைகள் டீச்சருக்குத் தெரியாமல் பேசுவார்கள். நாங்கள் வீட்டுக்குத் தெரியாமல் பேசினோம். அவளுக்கும் எனக்கும் தலை நரைத்துவிட்டது, இன்னும் அப்படித்தான்... இப்போது வாட்ஸ்அப்பில். என் மகள் கல்யாணத்திலாவது அவள் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசையில்லை.

அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர்கள் மண்டபத்தில் கால் வைத்தால் அவர் வைக்கமாட்டாராம். தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் பெண்ணை மணவறைக்கு யார் அழைத்து வருவது? அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் தாய்மாமன் உத்தியோகத்துக்கு ரிட்டையர்மெண்ட் கிடையாதே!

கெஞ்சிப் பார்த்தேன். முதலில் உயில், அதில் யார் திருடன் என்று தெரியட்டும், பிறகு பத்திரிகை என்றார். அலையாய் அலைந்து, பழைய உயில்கள் இருக்கும் அலுவலகத்தில் மனு போட்டு நகலும் வாங்கிவிட்டார். இடையில் அந்தக் கடையையும் போய்ப் பார்த்திருக்கிறார். இப்போது அது ஒரு கஃபே. காபி குடித்துக்கொண்டே மேலே பார்த்து, கூரை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் – உரிமையாளர் அல்லவா!

சரி, உயிலில் என்னதான் எழுதியிருக்கிறது? சுற்றிச் சுற்றி எழுதிய பழங்காலத்து ஆங்கிலக் கையெழுத்து. அண்ணனுக்குப் பிடிபட்டது அந்த இரண்டு பெயர்கள் மட்டும்தான். ஆகவே லிட்டில் இந்தியாவில், என் தோழியின் மகள் நடத்தும் வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

அந்தப் பெண் நிதானமாகப் படித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"அங்கிள், கடை முதலாளியோட அக்கா மகனுக்குப் போயிருக்கு, அவரு சொந்த ஊர்ல இருந்தவரு. உங்க தாத்தாங்க ரெண்டு பேரும் சாட்சி லா."

"பேரு இருக்கேம்மா?"

"பேரு அங்க இருக்கறதுனாலதான் அங்கிள் ஒண்ணும் கிடைக்காது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு அந்த உயில்ல பங்கு கிடையாது."

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டுமாம். மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பியை முதலாளி உள்ளே கூப்பிட்டிருப்பார். இவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து, "முதலாளி உயில்ல எங்க பேரு இருக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

பரம்பரையைத் தோண்டுகிற எல்லோரும் இப்படித்தான். ஜமீன்தார் கிடைப்பார், குறைந்தபட்சம் கடை வைத்த ஒரு தவுக்கே முதலாளியாவது கிடைப்பார் என்றுதான் மண்வெட்டியைத் தூக்குகிறோம். முதலாளிக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்ட ஆள்தான் நம் ஆள் என்று யார் நினைக்கிறோம்?

படியிறங்கினோம். கீழே அண்ணனுக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "அப்ப... அவங்க நம்மள ஏமாத்தலையா?" என்றார்.

"இல்லண்ணே. நாமளும் அவங்கள ஏமாத்தல."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை கல்யாணம், எத்தனை விருந்து... எல்லாம் இல்லாத கடைக்காகப் போயிற்று.

மறுநாளே தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையை வைத்து அண்ணனே தூக்கிக்கொண்டார். பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் வசந்தி வீட்டுக்குப் போனோம். அவள் அண்ணன் ரத்னமும் வந்திருந்தார். வசந்தி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய், கட்டிக்கொண்டு அழுதாள். அன்று எல்லோரும் அங்கே கை நனைத்தோம். எனக்கு இரண்டு முறை ரசம் ஊற்றினாள்.

ஹாலில் இரண்டு அண்ணன்மாரும் உயிலை நடுவில் விரித்து வைத்து, தலையோடு தலை முட்டப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து ஏமாற்றியது அந்த முதலாளிதானாம்!

அவருடைய அக்கா மகனின் வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்களோ, தெரியாது. எங்கே இருந்தாலும் சரி, அவர்களுக்குப் பத்திரிகை கிடையாது.