அப்பா உறங்கிய பகல்கள்

எங்கள் வீட்டில் பசிக்கிறது என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவோம். எழுதத் தெரியாத தங்கை ஒரு வட்டிலை வரைந்து காட்டுவாள். வெறும் வட்டில் என்றால் சோறு வேண்டும். உள்ளே புள்ளி வைத்திருந்தால் சோறு இருக்கிறது, குழம்பு வேண்டும். மரச்சட்டம் போட்ட அந்தச் சிலேட்டு ஒரு முனை உடைந்துபோய், கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கும். குச்சி கிறீச்சிடும் என்பதால் அம்மா அதைத் தண்ணீரில் நனைத்துத்தான் எங்கள் கையில் கொடுப்பாள்.

யுத்தக் காலம் அது. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் சங்கு ஊதியதும் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வருவார். பழையதைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். எங்களுக்கு இருந்ததே ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் அப்பாவின் பாய், நடுவில் நாங்கள் மூன்று பேர். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு, தங்கைக்கு ஐந்துகூட நிறையவில்லை. அந்த வருஷம் பெரிய லீவில் தெருவில் இரண்டு வீடுகளில் அம்மை போட்டிருந்தது. வெளியே போய் விளையாடுங்கள் என்று எங்களை விரட்டிவிடவும் அம்மாவுக்கு வழியில்லை.

அதற்கு முந்தின மாதம்தான் அப்பா மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்திருக்கிறார். மேஸ்திரி தோளைப் பிடித்து இழுத்ததில் கை தப்பியது. அவரோடு வேலை பார்த்த இன்னொருவருக்கு அப்படித் தப்பவில்லை. அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, இடது கையால் தம்ளரை வாங்கிக் காபி குடித்தார். அம்மா அவர் குடித்து முடிக்கிறவரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனபிறகு எங்கள் மூவரையும் வரிசையாக உட்காரவைத்தாள்.

"அப்பா பகல்ல உறங்கலைன்னா ராத்திரி மிஷின்ல அவிய கை போயிரும். வெளங்குதா? இனிமே இந்த வீட்டுல யாரும் சத்தம் காட்டக் கூடாது."

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

சொல்லிவிட்டால் ஆயிற்றா? மூன்று பிள்ளைகளைப் பகல் முழுக்கச் சத்தமில்லாமல் வைத்திருப்பது லேசான காரியமா? அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அவளிடம் அட்டை போன பழைய வாசகப் புத்தகம் ஒன்றும், ஞாயிறு பள்ளியில் கொடுத்த படக்கதைப் புத்தகம் ஒன்றும் இருந்தன. அவற்றை நாங்கள் விரல் வைத்து, உதட்டை மட்டும் அசைத்து வாசிப்போம். பக்கத்தைப் புரட்டுவதற்குக்கூட ஒரு முறை உண்டு. மேல் முனையைப் பிடித்து மெல்லத் தூக்கினால் காகிதம் சலசலக்காது. அவை தீர்ந்துபோனதும், நூல் பொதியில் ஒட்டுகிற கலர்ப் படச் சீட்டுகளை அப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். யானை, மயில், கப்பல், குடை பிடித்த இரண்டு பெண்கள். சோற்றுப் பசை தடவி அவற்றைப் பழைய பத்திரிகைத் தாளில் ஒட்டி, ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக்கினாள். ஒருவர் ஒரு படத்தைத் தொட்டால், அடுத்து என்ன நடந்தது என்று மற்றவர் சிலேட்டில் வரைய வேண்டும். தம்பி யானையைக் கப்பலில் ஏற்றிக் கப்பலைக் கவிழ்த்துவிடுவான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அவள் எப்போது உறங்கினாள் என்று இப்போது யோசித்தால் எனக்கு விடை கிடைப்பதில்லை. ஆட்டுக்கல் சத்தம் போடும் என்று மாவை அடுத்த வீட்டில் கொண்டுபோய் ஆட்டினாள். விறகைச் சுள்ளியாக ஒடிப்பதுகூடத் தெருவில் வைத்துத்தான். வந்து உட்கார்ந்தால் மூன்று பேரும் ஆளுக்கொரு படத்தை நீட்டுவோம். சில நாள் படத்தைக் கையில் பிடித்தபடியே அவள் கண் செருகிவிடும். நாங்கள் விடமாட்டோம், முழங்காலைச் சுரண்டி எழுப்புவோம். அப்பாவின் உறக்கத்தைக் காக்கத் தெரிந்த எங்களுக்கு அவளும் உறங்க வேண்டியவள் என்று தோன்றவே இல்லை.

அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருத்தி இருந்தாள். "மூணு புள்ளைக இருக்க வீடா இது? எம்புட்டு சமத்து!" என்று வாசலில் நின்று அதிசயப்படுவாள். எங்களுக்குப் பெருமை பிடிபடாது.

அன்று மத்தியானம் தங்கை படப் புத்தகத்தை எடுக்கப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். சட்டென்று கையை இழுத்து, மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். நாங்கள் சிரிப்பை அடக்குவதும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிலேட்டை எடுத்து வரைந்தாள். நீளமாக ஓர் உடம்பு, இரு பக்கமும் கால்கள், மேலே வளைந்த வால். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஒரு பக்கம் குறைந்திருந்த கால்களை வரைந்து கொடுத்தாள். பிறகு தங்கை என்னிடம் வந்தாள். நான் வாலின் நுனியில் கொடுக்கை வரைந்துகொடுத்து, நன்றாயிருக்கிறது என்று தலையை ஆட்டினேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

ஆட்டிய மாவை எடுத்துக்கொண்டு வந்த அடுத்த வீட்டு அத்தைதான் முதலில் கண்டாள். "அய்யோ, பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஒடம்பெல்லாம் வேத்து ஊத்துதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பா எழுந்துவிட்டார். தங்கையின் வாயில் நுரை தள்ளியிருந்தது. விரல் வீங்கிச் சிவந்திருந்தது. அப்பா சட்டைகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அப்போது ஓடியது கரி பஸ். மேடு வந்தால் ஆட்களை இறங்கச் சொல்லும் வண்டி. அதில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவும் அம்மாவும் வேண்டாத சாமி இல்லை என்று அத்தை பிற்பாடு சொல்வாள். நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் வீட்டில் ஒரே சாமிதான். அவரைத்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் கண் விழித்தவளிடம் அப்பா கேட்டார்: "ஏன்த்தா, தேள் கொட்டினதும் ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"ஒங்க கை போயிரும்லா?" என்றாள்.

அம்மா எழுந்து ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விட்டாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அதன் பிறகு அப்பாவுக்கு அமைதியில் உறக்கம் வரவில்லை. சத்தம் ஓய்ந்தால் திடுக்கிட்டு எழுந்து எங்கள் மூவர் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அவரை உறங்கவைக்க வேண்டி, அதே புத்தகங்களை நாங்கள் முறை வைத்து உரக்க வாசித்தோம். தொண்டை வறண்டு நிறுத்தினால் பாயிலிருந்து, "யாரு வாசிக்கா? நிறுத்தாதீக" என்று குரல் வரும். பகல் ஷிப்ட் கிடைக்கும் வரை மாதக்கணக்கில் இப்படி ஓடியது. தம்பியும் நானும் சீக்கிரமே பழைய ரகளைக்குத் திரும்பிவிட்டோம். தங்கை மட்டும், படம் பார்த்துக் கதை சொல்ல வேண்டிய தன் முறை வந்தாலும், உதட்டைத்தான் அசைத்தாள். அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள்.

நான் முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்ந்தவள். பிள்ளைகளைப் புத்தகமும் படமுமாக வீட்டில் உட்காரவைப்பது எப்படி என்று இளம் தாய்மார்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் என் பிள்ளை வைத்த இடத்தில் சத்தமே இல்லாமல் இருக்கும் என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னால், எனக்குப் பயம் வருகிறது. அந்தப் பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டுப் பேசவைத்துப் பார்க்கிறேன்.

தங்கைக்கு முதல் பிரசவம் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில்தான். மத்தியானம் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலமாகியும் ஒரு முனகல்கூட இல்லை. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குகிற பெண்ணை நர்ஸ் வெளியே வந்து மெச்சிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதும் அம்மா எழுந்துபோய், மூடிய கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, கத்துட்டி. இங்க யாரும் உறங்கலை. கத்துட்டி."