தேயிலைக்கு அடியில் வந்தவள்

பங்குனி வெயிலில் தகரக் கூரை காய்ந்து விரியும்போது எழும் ‘டக் டக்’ சத்தம்தான் எனக்குப் பள்ளி விடுமுறையின் சத்தம். அதைக் கேட்டபடி நானும் தங்கை செல்வியும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ‘காம்பரா’ எனும் எங்கள் ஒற்றை அறைக்குள் பகல் முழுவதும் அடைந்து கிடப்போம்.

செல்வி வெள்ளைத் தோலும் வெள்ளை முடியுமாகப் பிறந்தவள். வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளித்துவிடும், கண்ணைத் திறக்க முடியாது. வாசலில் நின்ற நிழல் மரங்களைத் தோட்ட நிர்வாகம் வெட்டும்வரை அவற்றின் கீழாவது விளையாடினாள். மரங்கள் போனபின், கொழுந்து பறிக்கப் போகும் அம்மா எங்களை உள்ளே விட்டு வெளியே கொண்டியைப் போட்டுவிடுவார். அவளுக்கு வெயில் ஆகாது. எனக்கு என்ன வந்தது என்று நான் மனதுக்குள் பொருமுவேன்.

செல்வி பின்பக்கச் சிறு ஜன்னலை விட்டு நகரமாட்டாள். வெயில் ஏறியதும் நாய், மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் ‘பீலி’த் தண்ணீர் ஓடும் சேற்றில் புரண்டு படுப்பதையும், கோழிகள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் நுழைந்து அந்தி சாயும்வரை அங்கேயே இருப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவளைக் காணோம். ஜன்னல் திறந்து கிடந்தது. அதில் என் உடம்பு நுழையவில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். காய்ச்சலால் வேலைக்குப் போகாதிருந்த பக்கத்துக் காம்பரா மாரியக்கா வந்து கொண்டியை எடுத்ததும், அம்மா நின்ற மலைக்கு ஓடினேன். நல்லவேளையாக அன்று லயத்துக்குப் பின்சரிவில்தான் கொழுந்து பறித்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு அம்மா கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்போது அம்மாவுக்குப் பக்கத்துத் தேயிலைச் செடி அசைந்தது. முகத்திலும் கையிலும் பூசிய பீலிச் சேறு காய்ந்திருக்க, கீறல்களில் இரத்தம் கசிய, தவழ்ந்தபடி செல்வி தலையை நீட்டினாள்.

“கோழியெல்லாம் இப்படித்தாம்மா போகுது. ஒங்க பேச்சுச் சத்தத்த வச்சே வந்துட்டேன். எனக்கு வெயிலே படல.”

அம்மா அடிக்கவில்லை. தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்து அவளைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். மறுநாள் முதல் கொண்டி போடவில்லை. கொழும்பில் கடை வேலை பார்த்த அப்பாவின் முழுக்கைச் சட்டைகளை வெட்டி அவளுக்குத் தைத்தார். அந்தச் சட்டையும் குடையுமாகத்தான் செல்வி பள்ளிக்கூடம் போனாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, மண் சரியும் என்று சொல்லி அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். பின்சரிவுத் தேயிலையும் இப்போது இல்லை. காடு மண்டிக் கிடக்கிறது. மேட்டில் கட்டிக் கொடுத்த புதுவீட்டில் செல்வி தையல் வேலை செய்கிறாள். சுற்றிலும் ஒரு மரம்கூடக் கிடையாது. போன வாரம் போயிருந்தபோது, டவுனுக்குப் போய்வரலாமா என்று கேட்டேன்.

“பொழுது சாயட்டும்க்கா, போவோம்” என்றாள்.

வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.