ஐஸ்காரன் ஆசிரியரான கதை

என் பெயரை நான் முதன்முதலாக அச்சில் கண்டது ஓர் இலக்கியப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில். பொடி எழுத்தில் ‘ஆசிரியர்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். அதை என் ஐஸ் பிளான்ட் மேசையில் விரித்துக் காட்டியவர், அந்தப் பத்திரிகையை நடத்திய தமிழ்ப் பேராசிரியர். ஊருக்கே அவர் சார்தான். அரசாங்கக் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவர், தன் பெயரில் பத்திரிகை நடத்தினால் சிக்கல் வருமென்று என் பெயரைக் கேட்டு வாங்கியிருந்தார். “சும்மா ஒரு பேருக்காக்கும் அண்ணாச்சி. நீங்க வாசிக்கக்கூட வேண்டாம்” என்றார். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஐஸ் பாளத்தைத் தலையில் சுமந்து சுமந்து, பிறகு சொந்தமாகப் பிளான்ட் போட்டவன். என் ஐஸ் ஏறாமல் கடலுக்குப் போன படகு இந்தக் கரையில் குறைவு. அப்படிப்பட்டவனைப் பார்த்து வாசிக்க வேண்டாம் என்றதை அன்று மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஓர் இதழில் ஒரு கதை வந்தது. தண்ணீர் கசியும் படகில் ஆட்களை மிரட்டி ஏற்றிவிடுகிறான் ஒரு முதலாளி. ஒருவன் திரும்பி வரவில்லை. பெயர்களை மாற்றியிருந்தும் ஆள் யாரென்று கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த முதலாளி புகார் கொடுத்தார். சார் வீட்டுக்கா போலீஸ் போனது? என் பிளான்ட்டுக்கு வந்தது. என் மனைவி வாசலில் நின்று சிரித்தாள். “எழுத்துக்காரனெல்லாம் வீட்டுல உறங்குதான். வாசிக்காத மனுசனை போலீசு விளிக்குது. ஆசிரியராக்கும், ஆசிரியரு!”

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய கையோடு அந்தக் கதையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு வரி பொய் இல்லை. அந்தப் படகுக்கு ஐஸ் கொடுத்தவன் நான். ஆட்கள் வாளியால் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டவன்.

மறுநாள் சார், நான் கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்பு வாசகத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். முதலாளி வெளியே காரில் இருந்தார். கதையை எழுதியது இறந்தவனின் மனைவி என்று அப்போதுதான் சார் எனக்குச் சொன்னார். ஓர் ஆணின் பெயரில் எழுதியிருக்கிறாள். அதே முதலாளியின் களத்தில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள். “அவ பேரைச் சொல்லிருவோம் அண்ணாச்சி, நமக்கு எதுக்கு வம்பு?” என்று சார் சொன்னபோது எனக்கு உச்சந்தலை கொதித்தது. எழுதியவளைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பத்திரிகை எதற்கு?

“சாரே, கடைசிப் பக்கத்துல கெடக்கது எனக்க பேரு. அப்ப நான் சொல்லுகதாக்கும் முடிவு” என்று சொல்லிவிட்டு நேராகக் காருக்குப் போனேன். “ஓய், எழுதின ஆளைக் காட்டித் தரமாட்டேன். உம்ம படகுல தண்ணி கோரினதை நான் பாத்தவன். கோர்ட்டுல வந்து அதையும் சொல்லட்டா?” முதலாளி புகாரைத் திரும்ப வாங்கினார். என்னிடம் ஐஸ் வாங்குவதையும் நிறுத்தினார். போகட்டும். சார் அன்றோடு பத்திரிகையை என் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்படித்தான் நான் நிஜ ஆசிரியரானேன். பிளான்ட் கணக்குப்பிள்ளை கதைகளை உரக்க வாசிப்பார். எனக்கு எங்கே உறக்கம் வருகிறதோ அங்கே வெட்டு. பெரிய பட்டம் வாங்கியவர்களையும் வெட்டியிருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் பத்திரிகை நிற்கவில்லை.

சென்ற வாரம் நாகர்கோவிலில் சாருக்குப் பாராட்டு விழா. மிரட்டலுக்கு அஞ்சாமல் அந்தக் கதையைக் காத்தவர் என்று மேடையில் ஒருவர் அவரைப் புகழ்ந்தார். சார் கண்ணை மூடித் தலையாட்டினார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இறங்கி வந்து என் தோளில் கை போட்டார். “அந்தப் பொண்ணு பேரை எனக்க புத்தகத்துல போடப்போறேன் அண்ணாச்சி. அவளுக்கும் ஒரு பெருமைதானே” என்றார். அவள் மகன் இன்று அந்த முதலாளியின் படகில்தான் தொழிலுக்குப் போகிறான். அதைச் சொன்னேன். “காலம் மாறிப்போச்சு அண்ணாச்சி” என்று சிரித்தார். கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

நேரே அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். எப்போதோ எழுதி வைத்திருந்த ஒரு கதையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இதுல ஒரு சார் வாறாரு அண்ணே. அவருக்குப் பேரு வைக்காம விட்டிருக்கேன். அவரு எனக்க பேரைப் போட்டாருன்னா, நீங்க இதுல அவருக்க பேரைப் போட்டு விடுங்க.”