இரைச்சலும் எறும்பும்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அவருக்கு ‘சைடு எஃபெக்ட்’ என்று பெயர். கல்லாவில் இருப்பவர் முதல் பெட்டி இறக்குபவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலைவலி மாத்திரை வாங்க வருபவரிடம்கூட, “இதைப் போட்டா வயிறு எரியலாம், தோல் தடிக்கலாம், மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கவரில் போடுவார். சிலர் மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டுத் தலைவலியோடு போய்விடுவார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வேலையை விட்டு அனுப்பமாட்டார். இவர் கையால் மாத்திரை மாறிப்போனதே கிடையாது.

அவர் மனைவி நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஆள் நடக்கவே இடமில்லாத சந்தில் வண்டியைப் பின்பக்கமாக எடுப்பாள் என்று அந்தத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு நாள் காலையில் இடது கை மரமரவென்று இருக்கிறது என்று உதறிக்கொண்டே வண்டியை எடுத்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் இடப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. அதன்பிறகுதான் பகல் நேரக் கவனிப்புக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன். பேச்சு தெளிவாக இருந்தது. வலது கையில் நல்ல பிடி இருந்தது. பக்கவாதம் வந்தவரிடம் இந்த இரண்டும் மிச்சம் இருந்தால் நிறையச் செய்யலாம்.

வேன் ஓட்டிய கை சும்மா கிடக்காது. அதற்காகவே அவர் கம்ப்யூட்டரைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுவந்து, மோட்டாரில் ஏறி இறங்கும் இரும்புக் கட்டிலின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினார். காலையில் உடம்பு துடைத்துச் சாப்பிட வைத்தபின், அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார்த்தி, வெறும் பாதங்கள் இரண்டையும் தரையில் ஊன்ற வைப்பேன். அவள் வலது கையால் கார் பந்தயம் ஆடுவாள். பிற்பகலில் படம். மாலையில் அவர் வந்ததும் இருவருமாகப் பாட்டு.

முதல் நாளே குறை வந்தது. “காதுக்குள்ள ஈ மொய்க்குதுங்க. ஊம்ம்னு ஒரே இரைச்சல். பின்னாடி வர்ற கார் எந்தப் பக்கம் வருதுன்னு கேக்கவேயில்ல” என்று ஹெட்போனைக் கழற்றிப் போட்டாள்.

அவர் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தார். நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய்.

“உள்ள இருக்கறது போர்டோட சேர்ந்து வந்த சவுண்டு சார். தனி கார்டு போட்டுடலாம். கேமுக்குத் திசை தெரியணும், பாட்டுக்குச் சுத்தமா இருக்கணும், படத்துக்குப் பேச்சு புரியணும். உங்களுக்கு எது முக்கியம்?”

“மூணும்தான்.”

“மூணும் ஒண்ணுல வேணும்னா கொஞ்சம் கையைக் கடிக்கும்.”

“கார்டு சூடாகுமா? புகை வருமா? அதுல என்னென்ன பிரச்சினை வரும்?”

“சார், இது சவுண்டு கார்டு. மாத்திரை இல்ல.”

முதல் கார்டு வந்தது. இரைச்சல் போகவில்லை. அதைவிட நல்லதென்று அடுத்தது வந்தது. திசை தெரிந்தது, பாட்டு பளிச்சென்று கேட்டது, அடியில் இரைச்சல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, பந்தயம் முடிந்து சாயாமல் இருக்கப் பக்கக் கம்பியைப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

“அக்கா, கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“எந்தக் கை?”

“வலது.”

அந்தப் பக்கமும் பக்கவாதமோ என்று நினைத்தேன். சிரிக்கச் சொன்னேன். கையைத் தூக்கச் சொன்னேன். என் விரல்களை இறுக்கச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இடது கையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனோம். அங்கே எறும்பு வரவில்லை. நரம்புக் கோளாறாக இருக்கலாம், கவனமாகப் பாருங்கள், கூடினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்றார்.

எறும்பு போனபாடில்லை. வேளை கெட்ட வேளையில் வராமல், கம்ப்யூட்டரில் உட்காரும்போது மட்டும் வந்தது. அவள் சாப்பிடும் கொழுப்பு மாத்திரையை அவர் சந்தேகப்பட்டார். நான் விளையாட்டில் ஏறும் படபடப்பைச் சந்தேகப்பட்டேன். மருந்துக்கடைக்காரரும் கவனிப்புக்காரியும் சேர்ந்தால் நோயைத் தவிர வேறென்ன தெரியும்?

அவர் கடைக்குப் போனாலும் மனசு இங்கேயே இருந்தது. போன் மேல் போன். “அக்கா, கை எப்படி இருக்கு? வாய் கோணலயே?” ஒருநாள் சமையலறையில் தட்டைக் கழுவியபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அக்கா, அந்தக் கையும் போயிட்டா?”

“போகாது தம்பி.”

“போயிட்டா அவ என்னைப் பாத்துக் கையை ஓங்கிக் கோபப்படக்கூட முடியாதுக்கா.” தட்டு கைநழுவித் தொட்டியில் விழுந்தது. எடுத்து மறுபடியும் கழுவினார்.

அன்று மாலை நான் கிளம்பும் நேரத்தில், நாளையிலிருந்து கம்ப்யூட்டர் கிடையாது என்று அறிவித்தார்.

“அப்ப என்னையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுங்க” என்றாள் அவள். “வேன் போச்சு. கால் போச்சு. இருக்கற ஒரு கையை எதுக்குங்க பொத்திப் பொத்தி வைக்கிறீங்க, படையல் போடவா?”

வெளியே வைக்கும் பெட்டி மாதிரியான கார்டு ஒன்றைக் கடைக்காரர் எடுத்துவருவதாகச் சொல்லியிருந்தார். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நான்தான் சமாதானம் செய்தேன்.

மறுநாள் அவருக்கு விடுப்பு. கடைக்காரர் அந்தப் பெட்டியைப் பொருத்தினார். அவள் ஹெட்போனை மாட்டி, ஆட்டத்தைத் தொடங்காமலேயே உதட்டைப் பிதுக்கினாள். ஈ இருந்தது. அலுப்பில் பக்கக் கம்பியைப் பிடித்தாள். முகம் மாறியது. கையை எடுத்தாள், மறுபடி பிடித்தாள், மறுபடி எடுத்தாள்.

அவர் பதறிப்போனார். “என்னம்மா? எறும்பா? அக்கா, வண்டியைக் கூப்பிடுங்க!”

“சும்மா இருங்க.” அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “பெயின்ட் உரிஞ்ச இந்த இடத்தைப் பிடிச்சா எறும்பு ஊருது. எறும்பு ஊரும்போது இரைச்சல் குறையுது. விட்டா இரைச்சல் வருது, எறும்பு போயிடுது.”

கடைக்காரர் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார்.

“அம்மா, கையை எடுங்க. காலைத் தூக்குங்க. எதையும் தொடாதீங்க.”

நான் அவள் கால்களை மெத்தைமேல் தூக்கினேன். கடைக்காரர் தன் சட்டைப்பையிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தார். அதற்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. கடைக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

சுவரில் இருந்தது பழைய காலத்து இரண்டு ஓட்டைப் பிளக் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்று பின் வயரை அதில் பொருத்த அவள் கணவர் ஒரு சின்னக் கட்டையை வாங்கி நடுவில் செருகியிருந்தார். கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகவேண்டிய எர்த் பின் போக்கிடமில்லாமல் நின்றது. கம்ப்யூட்டரில் கசிந்த கரண்ட் ஒரே பாக்ஸ் வழியாகக் கட்டிலுக்கு வந்து, அவள் கை வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது. இரைச்சலும் அதனால்தான். நானும் அவரும் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பவர்கள். எங்களுக்கு அது தெரியவே இல்லை.

“இப்ப வந்தது கொஞ்சம் சார். கட்டில் மோட்டார்ல எங்கயாவது வயர் உரிஞ்சிருந்தா முழுசா வந்திருக்கும்” என்றார் கடைக்காரர்.

தினமும் காலையில் அந்தக் கட்டிலில் வைத்துத்தான் ஈரத்துணியால் அவள் உடம்பைத் துடைக்கிறேன். கம்பியின் மேல் தண்ணீர் சொட்டும். அதை நினைத்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான்தான் அந்தக் கட்டையை வாங்கிட்டு வந்தேன். நான்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“எந்திரிங்க. தரை ஜில்லுன்னு இருக்கும்” என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினிலிருந்து எர்த் வயர் இழுத்து மூன்று பின் பிளக் போட்டார். டெஸ்டர் எரியவில்லை. கையிலிருந்த மீட்டரும் சரி என்றது. ஆனாலும் கரண்ட் வந்தபின் யாரும் கட்டில் கம்பியைத் தொடவில்லை. அவள் கணவர் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார்.

“தள்ளுங்க” என்று அவள் வலது கையால் கம்பியை இறுகப் பிடித்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எறும்பு இல்ல. கண்ணைத் தொறங்க.”

அதன்பிறகுதான் உண்மையில் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மூன்றிலும் இப்போது ஈ இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டாள். பின்னால் வரும் கார் எந்தத் தோள்பக்கம் வருகிறது என்று அதில் துல்லியமாகத் தெரிகிறதாம். பாட்டு அந்தப் பெட்டியில்தான் நன்றாக இருந்தது என்று அவர் மெல்ல இழுத்தார்.

“உங்க பாட்டு எங்கயும் ஓடிப்போகாது. எனக்குப் பின்னாடி வர்றவன்தான் ஓடிப்போயிடுவான்.”

மருந்துக்கடைச் சட்டையின் பையில் இப்போது பேனாவோடு டெஸ்டரும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் கட்டில் கம்பியில் வைத்துப் பார்ப்பார். அவள் கிண்டல் செய்வாள். நான் செய்வதில்லை. இன்றும் அறையின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் கையால் பிடுங்கிப் போட்ட பிறகுதான் தண்ணீர் வாளியை உள்ளே எடுத்துப் போகிறேன்.