அக்காவுக்கு வாங்கிய பெட்டி

உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் ஓர் ஆண்குரல் வேதாகமம் வாசிக்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். வாங்கும்போது அந்தச் சக்கரத்தின் விளிம்பு சொரசொரவென்று இருந்தது. இப்போது வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. ஒன்றரை வருடத்தில் பிளாஸ்டிக்கை இப்படித் தேய்க்க முடியுமா என்று, பம்ப் உதிரி பாகம் செய்து பிழைக்கிற எனக்கே ஆச்சரியம். தேய்த்தவள் என் அக்கா.

அக்கா சிங்காநல்லூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தாள். அப்பா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மில்லுக்குப் போனவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். கேட்கிறவர்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். எனக்கு வந்ததோ எரிச்சல். ஏனென்றால் அவள் சந்தோஷமாக இருந்தாள். டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம், குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம். நான் துடியலூர் வீட்டில் முதல் மாடி முடித்ததும் இரண்டாவது, காரை மாற்றியதும் அதைவிடப் பெரியது என்று மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவன். எதைக் கொடுத்தாலும் "இருக்கறதே போதும் கண்ணு" என்கிறவளைப் பார்த்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஒரே ஒரு பொருளுக்காவது இவளை ஆசைப்பட வைத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தேன். அசிங்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

ஒருநாள் காந்திபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தினேன். "இதுக்குள்ள வைக்க எங்கிட்ட என்ன கண்ணு இருக்குது?" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "உன் பிச்சைக்காரப் புத்தி எப்பத்தான் போகும்?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் அவரிடம், "கோவிச்சுக்காதீங்க, தம்பிக்குப் பசி நேரமுங்க" என்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பயம் கண்ணு, அதான் வாங்கிக்கிட்டே இருக்கறே. எனக்கென்ன பயம், கர்த்தர் கூடவே இருக்கறாரு." கையை உதறினேன். வீம்புக்கு அதையே வாங்கி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால் ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டில் நிற்கிறது. அந்தம்மா தோசை மாவு அரைத்து விற்கிறவர். "அவுங்க மாவு புளிச்சு வீணாப் போவுது. நம்மூட்டுல சும்மாதானே நின்னுது" என்றாள் அக்கா. மறுநாளே டெம்போவோடு போனேன். மாவு டப்பாக்களை வெயிலில் இறக்கி வைக்கச் சொல்லி, லைன் முழுக்கக் கேட்கும்படி இருவரையும் வாய்க்கு வந்தபடி பேசி, ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு வந்தேன். அக்கா டெம்போக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். ஃப்ரிட்ஜ் என் பட்டறை மூலையில் நின்று துருப்பிடித்தது.

அப்படிப்பட்டவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சர்க்கரை வியாதியால் கண் மங்கி, சர்ச்சுக்குத் தனியாகப் போக முடியாமல் ஆன பிறகு கேட்டாள். "ஒரு ஞாயித்துக்கெழமை வந்து, சின்னப்ப வாசிப்பியே, அந்தச் சங்கீதத்தை வாசிச்சுப்போட்டுப் போ கண்ணு." எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் வாசிப்பது என் வேலையாக இருந்தது. அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால், நான் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே வேதாகமத்தில் உள்ள அந்த நீளமான சங்கீதப் பாட்டை மனப்பாடம் செய்திருந்தாள். வருகிறேன் என்றேன். ஆனால் ஞாயிறுதோறும் மனை பார்க்கப் போனேன். எனக்குப் பதிலாக இந்தப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினேன்.

பெட்டி கிடைத்ததும் போன் செய்தாள். "கண்ணு, இதுல நடுநடுவால என்னமோ சேத்தி வாசிக்கறாங்க." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேர்க்கவில்லை, விளையாட ஓடும் அவசரத்தில் நான்தான் அங்கங்கே வரிகளை விட்டுவிட்டு வாசிப்பேன் என்று சொன்னேன். "அட திருட்டுப் பயலே!" என்று அவளும் சிரித்தாள். "அப்ப ஒருக்கா வந்து முழுசா வாசிச்சுக் காட்டு." "பொட்டி இருக்குதல்ல, நான் எதுக்கு?" என்றேன். "சரி கண்ணு, ஸ்தோத்திரம்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானும் போகவில்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டுக் காரில் ஏறப் போனபோது மாவு விற்கும் அந்தம்மா வந்து பெட்டியை நீட்டினார். "உங்க பொட்டிங்க. இதுக்கும் டெம்போ அனுப்பீருவீங்களோன்னு கையோட கொண்டாந்துட்டேனுங்க." குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "யாரு வந்தாலும் 'என்ற தம்பி வாசிக்கறான், கேளுங்க'ம்பாங்க. நாங்களும் ஆமாங்கன்னு கேட்டுக்குவோமுங்க. உங்க கொரல் எப்படின்னு டெம்போ வந்த அன்னைக்கே எங்க லைனுக்கே தெரியுமுங்களே. ஆனா ஒண்ணுங்க, சில எடம் வந்தா மட்டும் சக்கரத்தைத் திருப்பிச் சத்தத்தை இல்லாமப் பண்ணிப்போடுவாங்க. ஏனுங்கக்கா, வசனத்தைப் போயி நிறுத்தறீங்கன்னு கேட்டேன். 'என்ற தம்பி அதை வாசிக்கமாட்டான் அம்மணி, கர்த்தருக்குத் தெரியும்'னாங்க."

இப்போது மூன்றாவது மாடியும் முடிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்து ஸ்தோத்திரம் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடைய செருப்பிலோ காலை நுழைத்த மாதிரி இருந்தது. பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். நான் விட்டுவிடும் வரி வந்ததும் கட்டைவிரல் தானாகச் சக்கரத்துக்குப் போகிறது, திருப்பத் தைரியம் வரவில்லை. கூலிக்கு வாசித்த அந்த முகம் தெரியாத மனிதர், ஒரு வரியைக்கூட விடாமல் வாசித்துக்கொண்டே போகிறார்.